கையில் மூவாயிரம்

சுன்னாகம்,
16.01.1983

அன்புத் தங்கச்சி லீலாவுக்கு,

பொங்கல் பால் கிழக்குப் பக்கமாய் வழிந்தது. உன் அண்ணியும் பிள்ளைகளும் நானும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மச்சானும் குஞ்சுவும் கண்டிக் குளிரில் தடிமன், காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும்.

விசயத்துக்கு வருகிறேன். இதை நீ வாசிக்கிற இந்த நிமிசத்தில் உன் வீட்டில் எவ்வளவு காசு இருக்கிறது? வங்கியில் கிடப்பதைக் கேட்கவில்லை. எழும்பிப் போய்க் கையால் எடுக்கக்கூடிய காசு. பொய் சொல்லாமல் எழுது.

பொங்கலுக்கு வந்த பொன்னையா மாஸ்டர் சொன்னார், கட்டுகஸ்தோட்டையில் உங்கள் பக்கம் இரண்டு தமிழ் வீட்டுக் கூரைக்குக் கல் விழுந்ததாம். நீ எனக்கு அதை எழுதவில்லை. அதைக் கேட்டது தொட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுபத்தேழுக் கலவரத்தில் குருநாகலில் நான் பட்டது உனக்குத் தெரியும். ஆனாலும் முழுக்கத் தெரியாது. லொறிக்காரன் தலைக்கு நூறு ரூபா கேட்டான். நாங்கள் ஐந்து பேர். என் சட்டைப் பையில் நாற்பத்தொரு ரூபா. வங்கிப் புத்தகத்தில் நாலாயிரத்துச் சொச்சம்! புத்தகத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இதை வச்சு நான் என்ன, மூக்குத் துடைக்கிறதோ?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போனான். அரை மணித்தியாலத்தில் காவாலிகள் வந்தார்கள். நம் ஐயாவின் தலையைப் பிளந்தது அவர்கள் எறிந்த கல் என்று எல்லோரும் சொல்வார்கள். இல்லை, என் பையில் இல்லாமல் போன காசு.

மூவாயிரம் வேண்டும், லீலா. அதற்குக் குறைந்து காணாது. எவ்வளவு இருக்கிறது என்று எழுது.

குஞ்சுவுக்கு மாமாவின் கொஞ்சல்.
அண்ணன் யோகேந்திரன்


கட்டுகஸ்தோட்டை,
06.02.1983

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் எந்த வருத்தமும் வராமல் அம்பாள் காக்கட்டும். இங்கே குஞ்சுவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. கதைத்தால் காற்றுத்தான் வருகிறது. மற்றபடி மூவரும் சுகம்.

உங்கள் கடிதத்தை இவர்தான் முதலில் பிரித்து வாசித்தார். பிறகு என்னையும் இருத்தி வாசித்துக் காட்டினார். "உங்கட அண்ணர் சங்கக்கடை மனேச்சர் வேலையை விட்டிட்டு லொறி ஓடலாம்" என்று ஒரே சிரிப்பு. அரசாங்கக் கச்சேரியில் கணக்குப் பகுதியில் இருக்கிற மனிசன், உங்களுக்குத் தெரியுந்தானே. சம்பளம் எடுத்த அன்றே வங்கியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வீட்டில் இருநூறுக்கு மேல் வைத்திருப்பது கள்ளனுக்கு வெற்றிலை வைத்து அழைப்பது போலாம்.

கேட்டீர்கள், சொல்லுகிறேன். இன்று வீட்டில் நூற்றுமுப்பத்தெட்டு ரூபா இருக்கிறது. அதில் நாளைக்குப் பால்காரனுக்குக் கொடுக்க வேண்டும்.

எனக்கென்று சீட்டு ஒன்றுதான் இருக்கிறது. எங்கள் ஒழுங்கை வீட்டுப் பெண்கள் பன்னிரண்டு பேர் பிடிக்கிறோம். மாதம் ஆளுக்கு இருநூற்றைம்பது. ஒவ்வொரு மாதமும் ஒருத்திக்கு மூவாயிரம் போகும். முதலிலேயே துண்டு குலுக்கி முறை எடுத்தோம். எனக்கு மார்கழி விழுந்தது. அதுவும் இவருடைய கணக்குக் கொப்பியில் ஏறிவிட்டது.

இனி இந்த விசயம் எழுதுவதானால் என் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுங்கள்.

உங்கள் தங்கை லீலாதேவி


சுன்னாகம்,
27.02.1983

லீலா,

எல்லோரும் சுகந்தான். நீயும் சுகமாய் இரு, அதற்குத்தான் எழுதுகிறேன்.

நூற்றுமுப்பத்தெட்டு ரூபாவா! விசரே உங்களுக்கு? ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு? மச்சான் நல்ல மனிசன், தங்கமான மனிசன், அவரைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டேன். ஆனால் அவர் அடி வாங்கி அறியாதவர். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சிரித்தேன்.

மார்கழி மட்டும் இருக்காதே. சீட்டில் முந்தி முறை வருகிற யாருடனாவது மாற்று. கொஞ்சம் மேலே கொடுத்தால் மாற்றமாட்டார்களா? வருகிற காசை அலுமாரியில் வைக்காதே, முதலில் உடைப்பது அதைத்தான். இடுப்பில் கட்டு.

மச்சானுக்கு மூச்சு விடாதே. தெரிந்தால் அடுத்த நாளே கொண்டுபோய் வங்கியில் போட்டுவிட்டு, வட்டி எவ்வளவு வரும் என்று உனக்குக் கணக்குச் சொல்லுவார்.

அண்ணி உன்னைக் கேட்டதாய் எழுதச் சொல்லுகிறாள்.
யோகேந்திரன்


கட்டுகஸ்தோட்டை,
20.04.1983

அன்பின் மச்சான்,

வருடப்பிறப்புக் கைவிசேடம் மணியோடரில் வந்து சேர்ந்தது. குஞ்சு அதைத் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டு படுக்கிறாள். உங்கள் இரத்தம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை!

பகிடிக்கு எழுதினேன், கோபிக்க வேண்டாம். மாமாவுக்கு நடந்ததை நானும் மறக்கவில்லை. ஆனால் மச்சான், பயந்தவன் வீட்டில் காசு வைப்பான், காசு வைத்தவன் இன்னும் பயப்படுவான். நான் இந்த ஊரில் பதினாறு வருடம். பக்கத்து வீட்டு மக்கீன் நானா பொழுது பட்டால் என்னோடு கரம்போட் விளையாடாமல் சாப்பிடமாட்டார். இந்தப் பக்கம் சிங்கள வீட்டுச் சோமா நோனாவின் மகனுக்கு ஓலெவல் சோதனைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும் நான்தான். எங்களை யார் என்ன செய்யப் போகிறார்கள்?

லீலா இப்போது சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறாள். அவளைப் பயப்படுத்த வேண்டாம் என்று மட்டும் கேட்கிறேன். ஆவணி லீவுக்கு எல்லோரும் இங்கே வாருங்கள். பெரஹரா ஊர்வலம் பார்க்கலாம்.

உங்கள் அன்பின்
விவேகானந்தன்


கட்டுகஸ்தோட்டை,
22.05.1983

அண்ணாவுக்கு,

எல்லோரும் நலமாய் இருக்க வேண்டும். எங்களுக்கு உடம்பில் ஒன்றுமில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகளைப் பிடித்து அடித்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். என்னோடு படிப்பிக்கிற றீற்றா ரீச்சரின் தம்பி அங்கே படிக்கிறான். சைக்கிள் செயினால் அடித்திருக்கிறார்கள். ஆசுபத்திரியில் பார்க்கப் போனேன். காது ஒரு பக்கம் இல்லை. இவர் என்னோடு வந்தவர், வெளியே வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் வீட்டுக்கு வந்ததும், "அது படிக்கிற பெடியளுக்குள்ள வந்த சண்டை" என்கிறார்.

நான் சீட்டை மாற்றிவிட்டேன். சோமா நோனாவுக்கு ஆடி மாத முறை விழுந்திருந்தது. அவ மாட்டன் என்றா. அந்தக் காசில் மகனுக்குப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று எடுத்துத் தருவதாய்ச் சொல்லி வைத்திருந்தாவாம். நான் அழுது கேட்டேன். மார்கழியில் இருநூறு மேலே சேர்த்துத் தருகிறேன், குஞ்சுவுக்கு ஒரு ஒப்பரேசன் செய்ய வேண்டியிருக்கு என்று பொய்யும் சொன்னேன். பிறகு ஓம் என்றா. சீட்டு ஆட்கள் எல்லோருக்கும் முன்னால்தான் மாற்றினோம், அதுதான் சீட்டு முறை. மகன்காரன் படலையடியில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தான். இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான்.

இவருக்குச் சொல்லவில்லை.
லீலா


கட்டுகஸ்தோட்டை,
10.07.1983

அண்ணா,

அண்ணியின் முழங்கால் வருத்தம் எப்படி? எண்ணெய் பூசச் சொல்லுங்கள்.

போன ஞாயிறு காசு கைக்கு வந்துவிட்டது. முழுதாய் மூவாயிரம். நீங்கள் சொன்னபடி துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டியிருக்கிறேன். குளிக்கும்போதுதான் கழற்றுகிறேன். அந்த நேரம் குஞ்சு அதற்குக் காவல்! அவளிடம் மட்டும் சொன்னேன், அப்பாவுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

முந்தாநாள் இவர் கேட்டார்: "ஏன் அடிக்கடி இடுப்பைப் பிடிக்கிறீர்? வாய்வு ஏதுமோ?" கோப்பி போட்டுக் கொண்டுவந்து தந்தார், உள்ளி தட்டிப் போட்டு. பத்து வருடத்தில் இவருக்கு நான் ஒன்றும் ஒளித்ததில்லை. சொல்லிவிடட்டா, அண்ணா? ஏசினாலும் ஏசட்டும்.

உடனே பதில் போடுங்கள்.
லீலா


சுன்னாகம்,
17.07.1983

என் கெட்டிக்காரத் தங்கச்சிக்கு,

இன்றைக்குத்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அண்ணியின் முழங்கால் அப்படியேதான், பிள்ளைகள் சுகம்.

சொல்லாதே. இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கெடுக்காதே. ஆவணியில் நானே அங்கே வந்து மச்சானை இருத்திவைத்துச் சொல்லுகிறேன். பழியெல்லாம் என் தலையில் விழட்டும். ஒரு மாதந்தானே.

இன்னொன்று. இதை நெட்டுருப் போட்டு வைத்துக்கொள். அந்தக் காசு லொறிக்காரனுக்கு. காவாலிகளுக்கு இல்லை. எவன் கத்தியைக் காட்டிக் கேட்டாலும் இடுப்பை அவிழ்க்காதே. ஒருவனுக்குக் காட்டினால் பின்னால் பத்துப் பேர் வருவான். பிறகு பிள்ளையைக் கொண்டு ஓட உனக்கு ஒன்றும் மிஞ்சாது. கண்ணால் கண்டவன் சொல்லுகிறேன்.

குஞ்சுவின் வாய்க்குச் சர்க்கரை போடு.
யோகேந்திரன்


அலவத்துகொட,
14.08.1983

அண்ணாவுக்கு,

யாழ்ப்பாணம் போகிற ஒருவரின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் தந்தி அடித்திருப்பீர்கள், ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் பூட்டு. வீடு இல்லை.

யூலை இருபத்தாறாம் திகதி செவ்வாய்க்கிழமை பின்னேரம் இவரை அடித்துக் கொன்றுவிட்டார்கள். வீட்டையும் எரித்துவிட்டார்கள். நானும் குஞ்சுவும் மக்கீன் நானாவின் தங்கை றலியா வீட்டில் இருக்கிறோம். எங்களுக்குக் காயம் இல்லை.

அண்ணியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்களும் வர வேண்டாம், பாதை சரியில்லை.

லீலா


சுன்னாகம்,
30.08.1983

என்ர தங்கச்சி,

என்னத்தை எழுத? மூன்று நாளாய் எழுதிக் கிழித்து எழுதுகிறேன். அண்ணி தலையில் அடித்து அடித்து மயங்கிப் போனாள். அந்த மனிசனை, ஒரு எறும்புக்கும் தீங்கு நினையாத மனிசனை! கை அழுகாதா அவன்களுக்கு? பதினாறு வருடம், பதினாறு வருடம் என்று சொல்லிக்கொண்டிருந்தாரே. நான் ஏசின ஏச்சை எல்லாம் இப்போது நினைத்து நினைத்து என் வாயிலேயே அடிக்கிறேன். இங்கேயும் ஆமி சுட்டு எத்தனையோ வீட்டில் செத்தவீடு. அதை எல்லாம் நான் பார்க்கவில்லை, எனக்கு உங்கள் வீடுதான்.

ஒரேயொரு ஆறுதல்: நீயும் பிள்ளையும் தப்பினீர்கள். உன் இடுப்பில் அந்தக் காசு இல்லாமல் இருந்திருந்தால் என்ன கதி? வாகனக்காரன் எவ்வளவு கேட்டான்? அலவத்துகொடைக்கு எவ்வளவு கொடுத்தாய்? மிச்சம் இருக்கிறதா? இல்லாவிட்டால் எழுது, அனுப்புகிறேன்.

பாதை திறந்ததும் வந்துவிடு. இங்கே உனக்கொரு அறை ஒதுக்கியாயிற்று.

அண்ணன்


அலவத்துகொட,
20.09.1983

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. குஞ்சுவுக்கு அம்மாள் வருத்தம் வந்து, தண்ணீர் வார்த்து மூன்று நாள். இப்போது எழும்பி நடக்கிறாள். எனக்கு ஒன்றுமில்லை. அண்ணியைக் கவனமாய்ப் பாருங்கள்.

கச்சேரிக்குப் போனேன். இவருடைய கதிரையில் இன்னொருவர் இருக்கிறார். மரணச் சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாதாம். பென்சனும் வங்கிக் காசும் இவர் பெயரில்தான், எல்லாம் இழுபடும். நான் ஐப்பசியில் பள்ளிக்கூடம் போகத் தொடங்குகிறேன்.

றலியா தாத்தா, அக்காவை இவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், சாப்பாட்டுக் காசு வாங்கமாட்டன் என்கிறா. மழை தொடங்கிவிட்டது.

லீலா


சுன்னாகம்,
12.10.1983

அன்புத் தங்கச்சிக்கு,

குஞ்சு தேறினது கேட்டு நல்லூரானுக்கு ஒரு அர்ச்சனை செய்தோம்.

நீ ஏன் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை? வரச் சொன்னேன், அதற்குப் பதில் இல்லை. காசைக் கேட்டேன், அதற்கும் இல்லை. செலவழித்ததற்கு ஏச மாட்டேன், அதற்காகத்தானே வைத்தது! எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் உன் கதையைச் சொல்லியிருக்கிறேன். கொழும்பில் பிள்ளைகள் இருக்கிற மூன்று வீட்டுக்காரர் இப்போது என் சொல்லைக் கேட்டு அவர்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள், மூவாயிரம் கையில் வை, வீட்டில் ஒருவருக்கும் சொல்லாதே என்று. ஒருவராவது உன்னைப் போலத் தப்பட்டும்.

ஏதோ மனதில் வைத்திருக்கிறாய். எனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதப் போகிறாய்?

அண்ணன் யோகேந்திரன்


அலவத்துகொட,
06.11.1983

அண்ணாவுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாய் இருங்கள். இந்தக் கடிதத்தை அண்ணி இல்லாத நேரம் வாசியுங்கள்.

வாகனத்துக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. மக்கீன் நானா தன் வானில் எங்களைப் பாய்க்கட்டுக்குக் கீழே படுக்கவைத்துக் கொண்டுவந்து விட்டார். காசை நீட்டினேன். "அந்த மனிசன்ட வூட்டு ஆக்களுக்கிட்ட நான் சல்லி எடுப்பனா?" என்று கேட்டுவிட்டு அழுதார். மூவாயிரமும் அப்படியே இருக்கிறது.

அன்றைக்கு இவர் பகல் பன்னிரண்டு மணிக்குக் கச்சேரியிலிருந்து நடந்தே வந்தார். டவுனில் கடைகள் எரிகிறது என்றார். சேர்ட்டெல்லாம் புகை மணம். மூன்று மணி போல மக்கீன் நானாவின் மனிசி கைரியா தாத்தா பின் வேலிக்கு மேலால் கூப்பிட்டா. நானும் குஞ்சுவும் போனோம். இவரும் வந்தவர்தான். வங்கிப் புத்தகமும் சேர்டிபிக்கேட்டுகளும் எடுத்துக்கொண்டு வாறன் என்று திரும்பிப் போனார். அதற்குள் வந்துவிட்டார்கள். இருபது பேர் இருக்கும். முன்னுக்கு வந்தது சோமா நோனாவின் மகன்.

எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மக்கீன் நானா தன் கேற்றடியில் நின்றார். நானும் குஞ்சுவும் கைரியா தாத்தாவும் சமையலறையில் நிலத்தில் இருந்தோம். எல்லாம் கேட்டது.

"சீட்டுக் காசு எங்கே?" என்று அவன் கேட்டான். மற்றத் தமிழ் வீடுகள் இரண்டையும் எரித்தார்கள், ஆட்களை அடித்துத் துரத்தினார்கள், கொல்லவில்லை. எங்கள் வீட்டில்தான் நின்று கேட்டார்கள். இவர் காசு இல்லை என்றார். வங்கிப் புத்தகத்தைக் காட்டியிருக்க வேண்டும், அதைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அடி. கதவுக்குக் குறுக்கே போடுகிற இரும்புத் தடியை எடுத்திருந்தார்களாம்.

இரண்டாம் தரம் கேட்டார்கள். "இந்த மாதம் உன் மனிசிதான் எடுத்தவள், என் அம்மாவின் முறையை ஏமாற்றி எடுத்தவள்" என்று அவன் கத்தினான். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, அண்ணா. "இல்லைத் தம்பி, லீலாவின் முறை மார்கழி. என் கொப்பியில் இருக்கிறது, எடுத்துக் காட்டட்டா?" என்று சிங்களத்தில் கேட்டார். வாயில் இரத்தம் போல, சொல் சரியாய் வரவில்லை. கொப்பியை எடுக்க எழும்பியிருக்க வேண்டும். அவர்கள் கத்தி எடுக்கப் போகிறார் என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லோரும் சேர்ந்து அடித்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் விறகு முறிகிற மாதிரித்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் நான் சொல்லி வைத்திருப்பது, இவரிடம் ஓடப் போன என்னைக் கைரியா தாத்தா பிடித்து வைத்திருந்தா என்று. அது பொய். அவ என் காதுக்குள் கேட்டா: "புள்ள, சல்லி இரிந்தா தாங்க. எங்கட மனிசன்ட கையில குடுத்தனுப்புறன். எறிஞ்சா நாய்கள் போயிரும்." கெஞ்சிக் கேட்டா. நான் இல்லை என்று தலையாட்டினேன். இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டு தலையாட்டினேன். எவன் கேட்டாலும் அவிழ்க்காதே என்று நீங்கள் எழுதியது மட்டும்தான் என் மண்டைக்குள் ஓடியது. பிள்ளையைக் கொண்டு ஓட வேண்டும், லொறிக்காரன் கேட்பான், லொறிக்காரன் கேட்பான் என்று.

மூன்றாம் தரம் கேட்டபோது இவர் சத்தம் வரவில்லை. பிறகு மண்ணெண்ணெய் மணத்தது.

உங்களில் எனக்குக் கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. உங்கள் கடிதத்தைக் கண்டாலே கிழித்துப் போட வேண்டும் போல இருக்கும், அதனால்தான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. ஆனால் அந்த நேரம் தலையாட்டியது நீங்கள் இல்லை, நான். அந்த மூன்று வீட்டுக்காரரிடமும் போய் இதையும் சொல்லுங்கள். என்னைத் தப்பின கதையாய்ச் சொல்ல வேண்டாம்.

நான் சுன்னாகம் வரவில்லை. உங்கள் வீட்டில் இருந்து உங்கள் கையால் சோறு வாங்க இப்போது முடியாது.

குஞ்சு ஏழு வயதுப் பிள்ளை. அன்றைக்கு என் மடியில் இருந்து எல்லாம் கேட்டவள். காசு எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது என்பதை அந்தப் பயத்தில் மறந்துவிட்டாள். மூன்று மாதமாய் ஒன்றும் கேட்காமல் இருந்தாள். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தால் வரும் வழியில் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, பொய் சொல்லக் கூடாது எண்டு அப்பாதானே சொல்லுறவர். பிறகு ஏன் அப்பா பொய் சொன்னவர்? அதுக்குத்தானே அவரை அடிச்சவை?"

அவளுக்கு இன்றைக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னம் ஒருமுறை உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன்.

லீலா